ஒரு ப்ராப்பர்ட்டிக்கு ஒரு பக்கம்

நான் இன்டர்வல் என்ற இடத்தில் ஐந்து என்று போட்டு ப்ரோகிராமை ஓட்டினேன். திரையில் இருந்த வட்ட மானியின் முள் பேய் பிடித்த மாதிரி ஆடத் தொடங்கியது. கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. மவுஸ் நகர மறுத்தது. கடைசியில் எல்லாமே அப்படியே உறைந்து நின்றுவிட்டது. "ஐயோ!" என்று நான் கத்திய கத்தலில் கீழே பேக்கரியில் பிஸ்கட் நிறுத்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார். ஆனால் அது பயத்தில் கத்தியது இல்லை, சந்தோஷத்தில் கத்தியது. அந்த ப்ரோகிராமை எழுதிய ஜெயந்த் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான்.

"க்யா ஹுவா? ஏன் கத்தறே?"

"இது செகண்டா, மில்லி செகண்டா?"

"மில்லி செகண்ட். அது எல்லாருக்கும் தெரியுமே."

"எங்க எழுதியிருக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "என் தலைல" என்றான்.

அதுதான் வேண்டும் எனக்கு! உடனே உட்கார்ந்து எழுதினேன்: 'மானி எத்தனை நேரத்துக்கு ஒருமுறை புது எண்ணை வாங்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. கணக்கு மில்லி செகண்டில். ஐந்து செகண்டுக்கு ஒருமுறை வேண்டுமானால் ஐயாயிரம் என்று கொடுங்கள்.' இங்கிலீஷில்தான் எழுதினேன், சின்னச் சின்ன வாக்கியங்களாக. எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எம்.ஏ. இங்கிலீஷில் நான் எழுதிய எந்தக் கட்டுரையும் எனக்கு அவ்வளவு குஷியைக் கொடுத்ததில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். புனேயில் கேம்ப் என்கிற பகுதியில் எங்கள் ஆபீஸ். ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் திரையில் மானிகளைக் காட்டுவதற்கான லைப்ரரி, அதாவது ரெடிமேட் ப்ரோகிராம் தொகுப்பு, ஒன்றைச் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். உலையின் சூடு, பாய்லரின் அழுத்தம், தொட்டியில் தண்ணீர் மட்டம், எதுவானாலும் சரி, வாங்குகிறவர்கள் எங்கள் மானியை எடுத்துத் தங்கள் ப்ரோகிராமில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டியபின் அதைத் தங்களுக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ள நிறைய ப்ராப்பர்ட்டிகள் இருந்தன. மானியில் குறைந்த எண் எது, அது மினிமம். கூடிய எண் எது, அது மாக்ஸிமம். முள் என்ன நிறம், எந்த எண்ணைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும், இப்படி ஒவ்வொன்றும் ஒரு ப்ராப்பர்ட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுவது என் வேலை.

கோயம்புத்தூரில் படித்துவிட்டு, கல்யாணமாகி புனேவுக்கு வந்தவள் நான். வீட்டுக்காரர் முகுந்துக்கு சாகணில் வண்டிக் கம்பெனியில் வேலை. எனக்கு ப்ரோகிராம் எழுத வராது. ஜெயந்த் ஒரு குட்டி ப்ரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தான், அதில் ஒரு வரியை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த லைப்ரரி முழுவதையும் எழுதியவன் அவன். புனேவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். வாயைத் திறந்தால் தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கின மாதிரி வரும். கெட்டிக்காரன். ஆனால் தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைக்கிற ரகம்.

எனக்கு முன்னால் அங்கே ஒரு புத்தகம் இருந்தது. அதை எழுதியது மனுஷன் இல்லை. எங்கள் முதலாளி பட்டாபிராமன் சார் ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியில் ஒரு டூல் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதில் பட்டனை அமுக்கினால் லைப்ரரியில் உள்ள பெயர்களை எல்லாம் பொறுக்கி அதுவே வாக்கியம் போட்டுக் கொடுத்துவிடும். 'மினிமம்: மினிமத்தின் மதிப்பைத் தரும் அல்லது மாற்றும்.' 'மாக்ஸிமம்: மாக்ஸிமத்தின் மதிப்பைத் தரும் அல்லது மாற்றும்.' குப்புசாமி வீடு எங்கே என்று கேட்டால் குப்புசாமி குடியிருக்கிற இடத்தில் என்று சொல்வதைப் போல, புத்தகம் முழுக்க இதே கூத்து! சாருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், மெஷின் செய்வதை மனுஷன் ஏன் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. என்னைத் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார். புது வெர்ஷன் சிடி வெளிவரும் வரைக்கும். அதற்குள் என் பக்கங்கள் உதவும் என்று அவருக்குப் பட்டால் அவை சிடியில் போகும், நானும் வேலையில் இருப்பேன். படாவிட்டால் டூல் போட்ட பக்கங்கள் போகும், நான் வீட்டுக்குப் போவேன்.

எனக்கோ வெறி பிடித்துவிட்டது. எந்த ப்ராப்பர்ட்டியையும் கையால் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இது எதற்கு, அளவு என்ன, நாம் தொடாமல் விட்டால் தானாக என்ன எண்ணில் இருக்கும், தப்பான எண் கொடுத்தால் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றையும் போட்டுக் குடைந்தேன். ராத்திரி சாப்பிடும்போது முகுந்துக்குப் படித்துக் காட்டுவேன். பாவம், மனுஷன் ரசஞ்சாதம் பிசைந்துகொண்டே மணி அடிக்கிற ப்ராப்பர்ட்டியைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "அந்த இன்டர்வல்ல பூஜ்யம் குடுத்தா என்னாகும்?" என்று சும்மா கேட்டு வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆபீசுக்குப் போய் பூஜ்யம் கொடுத்துப் பார்த்தேன். முள் சத்தமில்லாமல் நின்றுவிட்டது! அதையும் எழுதினேன்: 'பூஜ்யம் கொடுத்தால் மானி புது எண் வாங்குவதை நிறுத்திவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.'

மாக்ஸிமம் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பெரிய மீன் மாட்டியது. இருநூறில் தொடங்கி அறுநூறில் முடிகிற மானி ஒன்று வரைந்து பார்க்கலாம் என்று மினிமம் இருநூறு, அடுத்த வரியில் மாக்ஸிமம் அறுநூறு என்று கொடுத்தேன். மானி நூறில் தொடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டினேன். நூறுதான். என்ன எழவுடா இது என்று வரிகளை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டேன். முதலில் மாக்ஸிமம், பிறகு மினிமம். இருநூறு என்று சமர்த்தாக வந்து நின்றது! நான் போட்ட கூச்சலுக்கு இந்தத் தடவை ஜெயந்த் ஓடி வரவில்லை, இருந்த இடத்தில் இருந்தே கேட்டான்.

"இப்போ என்ன?"

"மினிமத்த முதல்ல குடுத்தா நூறாயிடுதே, ஏன்?"

"அரே, மாக்ஸிமம் யாரும் தொடலேன்னா நூறுதானே இருக்கும். சின்ன நம்பர் பெரிய நம்பரை விட ஜாஸ்தி ஆக முடியாதில்ல? அதனால லைப்ரரி அதை நூறுக்குக் கொண்டு வந்துடும்."

"ஒரு வார்த்தை சொல்லாமயா?"

"எரர் கொடுத்தா கஸ்டமர் காலி கொடுப்பான், கண்டபடி திட்டுவான்."

"அப்ப சரி பண்ணிரு."

"முடியாது. பழைய கஸ்டமர் எல்லாம் இதை நம்பி எழுதிருக்கான். நான் மாத்தினா அவன் ஸ்க்ரீன் எல்லாம் கோல்மால் ஆயிடும்."

அப்போது எனக்குள் ஒன்று பளிச்சென்று புரிந்தது. ப்ரோகிராம் எழுதியவனால் மாற்ற முடியாததை என்னால் சரி செய்ய முடியும்! ஒரே ஒரு வாக்கியம் போதும். உடம்பெல்லாம் புல்லரிக்க, மாக்ஸிமம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன்: 'மினிமத்துக்கு முன்னால் இதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் மினிமம் தானாகக் குறைந்துவிடும், உங்களிடம் சொல்லாது.'

பட்டாபிராமன் சார் அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா கிரிஜா, நம்ம கடைச் சரக்குல பூச்சி இருக்குன்னு நாமளே போர்டு எழுதி மாட்டுவாளோ?" என்றார். "டூல் போட்டுக் குடுத்தது எவ்வளவு லட்சணமா இருக்கு, ஒரு வரி, ரெண்டு வரி. நீ கதாகாலட்சேபம் பண்ணிண்டிருக்கே."

"படிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாங்களா சார்?"

"யாரும்மா படிக்கறா? ஒருத்தரும் புஸ்தகம் படிக்க மாட்டா. நேரா ஃபோனைப் போடுவா."

அது உண்மை என்று எனக்கும் தெரியும். ஃபோன் போடுகிறவர்களில் முதல் ஆள் ரஞ்சன்காவ் சவரிமுத்து. அங்கே ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். தூத்துக்குடிக்காரர். தினமும் காலையில் ஃபோன் பண்ணி ஜெயந்தை வறுத்தெடுப்பார். அன்றைக்கும் பண்ணினார். சார் வெளியே போயிருந்தார், ஜெயந்த் கையை ஆட்டி நான் இல்லை என்று சொல்லச் சொன்னான், நான் எடுத்தேன்.

"மேடம், எனக்குப் புதுசா ஒரு உலை வருது. அதுக்கு ஸ்க்ரீன் போடணும். ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பையனக் கேட்டுக்கிட்டுல்லாம் இருக்க முடியாது. பொஸ்தவம் இருந்தா குடுங்க. இல்லன்னா ஒங்க லைப்ரரிய நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

"புஸ்தகம் இருக்குங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. "கொண்டு வர்றோம். நீங்களே படிச்சு நீங்களே போட்டுப் பாருங்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

ரிசீவரை வைத்தபின்தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. சார் வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "சரி. அந்த மனுஷன் நம்மகிட்ட ஒரு கேள்வி கேக்காம ஸ்க்ரீன் போட்டு முடிச்சுட்டா, உன் பக்கம்தான் சிடியில. வாயத் தொறந்து கேட்டுட்டார்னா டூல்தான். சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றேன். கால் தரையில் நிற்கவில்லை. எழுதுகிறவளுக்கு, படிக்கிற ஆளை எதிரே உட்கார வைத்துப் பார்க்கிற யோகம் எங்கே கிடைக்கும்?

டாடா சுமோவில் அகமத்நகர் ரோட்டைப் பிடித்துப் போனோம். வாகோலி தாண்டும் வரை டிரக்குகளுக்கு நடுவே ஊர்ந்து, அப்புறம் வேகம் எடுத்தோம். என் பக்கங்கள் எல்லாம் ஒரு தடித்த ஃபைலில் அகர வரிசையில் என் மடியில் இருந்தன. டூல் போட்ட பக்கங்கள் சாரின் மடியில். ரஞ்சன்காவ் கணபதி கோயில் வந்ததும் சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, இரண்டு ஃபைலையும் வாங்கிக்கொண்டு போய் இரண்டையும் சேர்த்தே சந்நிதியில் வைத்துக் கும்பிட்டார். "பகவான் பாரபட்சம் பாக்கப்படாதோல்லியோ" என்று திரும்பி வந்து எனக்கு விபூதி கொடுப்பதுபோல மோதக் ஒன்றைக் கொடுத்தார். ஜெயந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சவரிமுத்து நான் நினைத்த மாதிரி இல்லை. ஃபோனில் அந்தக் குரலைக் கேட்டு மீசைக்கார பயில்வான் ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். குட்டையாக, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெடுக்வெடுக்கென்று நடக்கிற ஒருவர் வந்தார். உலைக் கூடத்துக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் அவர் கம்ப்யூட்டர். சுவர் எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு மூன்று ஸ்டூல் போடச் சொல்லிவிட்டு, ஃபைலை வாங்கி மேஜையில் விரித்தார்.

"உலை இருநூறுல இருந்து அறுநூறு டிகிரி வரைக்கும். அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா எண் மாறணும். அஞ்சுநூத்தி அம்பதத் தாண்டுனா மணி அடிக்கணும். முள்ளு செகப்பு. அம்புட்டுதான். நீங்க உக்காந்து டீ குடிங்க" என்று சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் இன்டர்வல் பக்கத்தை எடுத்தார். உதடு அசைய அசைய ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார். என் வாக்கியம் ஒரு மனுஷனின் உதட்டில் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! ஐயாயிரம் என்று அடித்தார். ஓட்டினார். சரியாக வந்தது. ஆனால் மனுஷன் அத்தோடு விடவில்லை. பக்கத்தின் கடைசியில் இருந்த பூஜ்ய வாக்கியத்தின்மேல் விரலை வைத்து, "பொய்யா இருக்கும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு பூஜ்யம் கொடுத்துப் பார்த்தார். முள் நின்றது. "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'முக்கு நான் எதையும் கொடுப்பேன். அடுத்தது முள்ளின் நிறம். அடுத்தது மணி. மணிப் பக்கத்தில், எண் நாம் கொடுத்த அளவிலேயே சரியாக நின்றால் அடிக்காது, தாண்டினால்தான் அடிக்கும் என்று எழுதியிருந்தேன். அதையும் சோதித்தார். சரியாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ஜெயந்த் என் முழங்கையை இடித்தான். அவன் முகத்தில் என்னைவிட அதிகப் பூரிப்பு.

பிறகு மினிமத்துக்கு வந்தார். ஃபைலைப் புரட்டி நேராக மினிமம் பக்கத்தைத் திறந்தார். படித்தார். இருநூறு என்று அடித்தார். அதன் கீழே, பக்கம் எதையும் பார்க்காமல், மாக்ஸிமம் அறுநூறு என்று தானாகவே அடித்துவிட்டார்.

ஐயோ, வரிசை தப்பு! அந்த எச்சரிக்கையை நான் மாக்ஸிமம் பக்கத்தில் மட்டும்தான் எழுதியிருந்தேன். அகர வரிசையில் மாக்ஸிமம் முன்னால் வருகிறது, படித்துவிட்டுத்தானே மினிமத்துக்கு வருவார்கள் என்று நினைத்திருக்கிறேன். சொன்னதையே திரும்பச் சொல்லாதே என்று காலேஜில் சிவப்பு மையால் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தது கையில் ஊறிப்போய்க் கிடந்தது. அடி மடச்சி! இது கதைப் புஸ்தகமா, முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிவரை படிக்க? வேண்டிய பக்கத்தைத் திறப்பார்கள், படிப்பார்கள், மூடுவார்கள். ஒவ்வொரு பக்கமும் தன் காலில் தானே நிற்க வேண்டாமா? அவ்வளவு குடைந்து குடைந்து எழுதியவளுக்கு இது உறைக்கவில்லையே!

ஓட்டினார். மானி நூறில் தொடங்கி அறுநூறில் முடிந்தது.

சவரிமுத்து நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். மினிமம் பக்கத்தை இன்னொரு தரம் படித்தார். மறுபடி ஓட்டினார். நூறு. "என்னலே இது" என்றார், திரையைப் பார்த்து. ஜெயந்த் என் காதோரம், "போச்சு" என்றான். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேலே இருக்கிற வரியைக் கீழே போடுங்கள், அவ்வளவுதான்! அதைச் சொல்லிவிட்டால் அவர் வேலை முடிந்துவிடும், என் வேலையும் முடிந்துவிடும். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். உலைக் கூடத்தில் எதையோ கவிழ்த்தார்கள், கண்ணாடி எல்லாம் ஆரஞ்சு நிறமாகி அடங்கியது.

அவர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். நூறுதான். கொண்டு வந்த டீ எங்கள் மூன்று பேர் கையிலும் ஆடை கட்டிவிட்டது. பட்டாபிராமன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெயித்த களை இல்லை, பாவம், இந்தப் பெண் இவ்வளவு உழைத்தாளே என்கிற இரக்கம்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஸ்டூலில் இருந்து எழுந்தார்.

"மிஸ்டர் சவரிமுத்து, போதும். எங்க பையன் வந்து ஒரு நிமிஷத்துல..."

சவரிமுத்து திரும்பவில்லை. வலது கையை மட்டும் தூக்கி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல உள்ளங்கையைக் காட்டினார்.

"சும்மா இரிங்க சார். யாரும் வாயத் தெறக்காதீய. இதுல இருக்கும்."

சார் நின்றபடியே நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தினம் காலையில் ஃபோனை எடுத்துக் கத்துகிற மனுஷன்! கேட்டால் பதில் சொல்ல மூன்று பேர் பின்னால் காத்திருக்கிறோம், ஃபோன் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது, அவர் எதையும் தொடவில்லை. இதுல இருக்கும் என்கிறார். இருக்கிறது ஐயா, இருக்கிறது! நான்தான் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டேன்!

கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மினிமத்தில் இருந்து அடுத்தடுத்த பக்கங்களாகப் புரட்டினார். முள்ளின் தடிமன். அதற்கடுத்த பக்கம். அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்தார், ஒரு வாக்கியத்தையும் விடவில்லை. என் வாக்கியத்தை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டே இருந்தார். நான் ஸ்டூலின் விளிம்புக்கே வந்துவிட்டேன். நானும் ஜெயந்தும் எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது எப்போது என்று எங்களுக்கே தெரியாது. பட்டாபிராமன் சார்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து நின்றார்.

சவரிமுத்து படிப்பதை நிறுத்தினார். திரையைப் பார்த்தார். நூறு என்று இருந்த இடத்தில் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். "நூறு" என்றார் மெதுவாக. "நூறு எங்கருந்து வந்துச்சு? நான் நூறுன்னு எங்கயும் குடுக்கலயே." பிறகு அடுத்த வரியில் தான் அடித்திருந்த மாக்ஸிமத்தின்மேல் விரலை வைத்தார்.

பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பழையபடி மினிமத்துக்கே வந்தார். அதற்கு முந்தின தாள், மாக்ஸிமம், இடது பக்கம் கவிழ்ந்து கிடந்தது. அதன் வெற்று முதுகின்மேல்தான் அவர் இடது கை இருந்தது. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் உலை திறந்தது, அறை முழுக்க வெளிச்சம் வந்தது. அந்தக் கை மெதுவாக எழும்பி, தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தது.